மாடும் பள்ளிக்கூடமும்: கொரிய மாட்டுக்கறியின் கதை



கொரிய நாடகம் பார்க்காத வீடு இன்று குறைவு. பேரப்பிள்ளைகள் பார்க்கிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்து நாமும் பார்க்கிறோம். எந்த நாடகத்தைப் பார்த்தாலும் ஒரு காட்சி தப்பாமல் வருகிறது. நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் அடுப்பு. அதன்மேல் கறி சுடுகிறது. ஒருவர் கத்தரிக்கோலால் கறியை நறுக்குகிறார், இன்னொருவர் கீரை இலையில் மடித்து அடுத்தவர் வாயில் ஊட்டுகிறார். "அது என்ன சார், எப்படிச் செய்வது?" என்று உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை பார்க்கும் பிள்ளைகள் கொரிய உணவகங்களில் சாப்பிட்டுவிட்டுப் படம் அனுப்புகிறார்கள். என் மருமகளும் வீட்டில் செய்து பார்த்தாள், நன்றாகவே வந்தது.

வரலாறு நடத்திய வாத்தியாரிடம் சமையல் குறிப்புக் கேட்டால் வரலாறும் சேர்ந்துதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கறி உண்ணாத உறவினர்கள் பலர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நீங்கள் சமைக்க வேண்டாம், கதையை மட்டும் படியுங்கள்.

முதலில் அடுப்படிக்குப் போவோம்.

அவர்கள் வீட்டில் அடிக்கடி செய்வது புல்கோகி. 'புல்' என்றால் நெருப்பு, 'கோகி' என்றால் கறி. ஐந்நூறு கிராம் எலும்பில்லாத கறியை ஒரு மணி நேரம் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் கொஞ்சம் விறைத்திருக்கும். அப்போது நரம்புக்குக் குறுக்காகக் கத்தியை ஓட்டி, உள்ளே வெளிச்சம் தெரிகிற மாதிரி மெல்லியதாகச் சீவ வேண்டும். சோயா சாஸ் நான்கு மேசைக்கரண்டி, சர்க்கரை இரண்டு, நசுக்கிய பூண்டு ஒன்று, வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய் ஒன்று, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், நறுக்கிய வெங்காயத்தாள், துருவிய பேரிக்காய் பாதி. எல்லாவற்றையும் கறியோடு பிசைந்து, அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஊற விடுங்கள். பிறகு நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் புரட்டி எடுங்கள். மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டினால் தண்ணீர் விட்டுக்கொண்டு கறி வெந்துவிடும், வாட்டிய மணம் வராது.

மிளகாய் எங்கே என்று தேடாதீர்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கிளம்பி 16ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித்தான் கொரியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த முறையின் வேர் அதற்கும் முந்தியது. அதனால்தான் நம் நாக்குக்குக் கொஞ்சம் தித்திப்பாக இருக்கிறது, குழந்தைகளுக்கு உடனே பிடித்துப்போகிறது.

இனி என் கேள்வி. வகுப்பில் கேட்கிற மாதிரியே கேட்கிறேன். கறியை ஏன் இவ்வளவு மெல்லியதாகச் சீவுகிறார்கள்? ஏன் பேரிக்காய்? விலா எலும்பை ஏன் மணிக்கணக்கில் வேக வைக்கிறார்கள்? எலும்பு, தலை, குடல் என்று எதையும் விடாமல் ஏன் இரவெல்லாம் கொதிக்க வைத்துச் சூப்பு எடுக்கிறார்கள்?

விடை ஒன்றுதான். அந்த மாடு கறிக்காக வளர்ந்த மாடு இல்லை. ஏர் இழுத்து, வண்டி இழுத்து, ஓய்ந்துபோன மாடு. அதன் சதை முறுகிக் கெட்டியாகியிருக்கும். நம் வீடுகளில் முற்றிய ஆட்டுக்கறி வேகாவிட்டால் பப்பாளிக்காய்த் துண்டு போடுவதில்லையா? அவர்களுக்குப் பேரிக்காய். இரண்டுமே சதையின் புரதத்தை அறுத்துவிடும் நொதி உள்ளவை. சீவுவது, தட்டுவது, கீறுவது, ஊறவைப்பது, கொதிக்கவைப்பது எல்லாமே உழவு மாட்டின் கெட்டிச் சதையை மனிதர் மெல்லும்படி ஆக்கக் கண்டுபிடித்த உத்திகள்.

அந்த மாடு எப்படிச் சட்டிக்கு வந்தது என்பதில்தான் வரலாறு இருக்கிறது.

கொரியாவை கோரியோ அரச மரபு ஆண்ட காலத்தில் பௌத்தம் ஓங்கியிருந்தது. 1123இல் சீனத்தின் சோங் அரசு அனுப்பிய தூதுக் குழுவில் ஷூ ஜிங் என்பவர் வந்தார். தாம் பார்த்ததையெல்லாம் எழுதி வைத்தார். அந்த மக்களுக்கு விலங்குகளை அறுக்கும் பக்குவம் தெரியவில்லை என்பது அவர் குறிப்புகளில் ஒன்று. கொல்லாமை பேசிய சமயம் பல நூற்றாண்டு இருந்த இடத்தில் அந்தக் கைப்பழக்கம் மங்கிப்போயிருந்தது. அடுத்த நூற்றாண்டில் மங்கோலியர் படையெடுத்து வந்தார்கள், நெடுங்காலம் ஆதிக்கம் செலுத்தினார்கள். அவர்கள் கறி உண்ணும் கூட்டம். கறி வெட்டுவதும் சூப்பு வைப்பதும் மறுபடி பரவின.

1392இல் ஜோசோன் அரச மரபு வந்தது. பௌத்தம் பின்னே போய், கன்பூசிய நெறி அரச நெறி ஆனது. அந்த நெறியில் கறி உண்ணத் தடையில்லை, மூதாதையர் படையலுக்குக் கறி தேவைகூட. ஆனாலும் ஜோசோன் அரசர்கள் மாடு அறுக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சட்டம் போட்டார்கள். நம் ஊரில் மாடு என்றதும் சமயம் நினைவுக்கு வரும். அங்கே காரணம் ஏர். மாடு இல்லாத வீட்டில் மனிதர்களே கலப்பையை இழுக்க வேண்டும். உழவு நின்றால் நெல் இல்லை, நெல் இல்லையென்றால் வரி இல்லை. அரசாங்கம் மாட்டைக் காத்தது களஞ்சியத்தைக் காப்பதற்காக.

சட்டம் ஒரு பக்கம், நாக்கு ஒரு பக்கம். விபத்தில் செத்த மாட்டையும் கால் ஒடிந்த மாட்டையும் அனுமதி பெற்று அறுக்கலாம் என்று ஒரு வழி இருந்தது. அப்புறம் என்ன, ஊரெல்லாம் மாடுகளுக்குக் கால் ஒடிய ஆரம்பித்தது! சிரிக்காதீர்கள், விடுப்புக் கடிதத்தில் பாட்டியைப் பலமுறை சாகடித்த பிள்ளைகள் உங்களிலும் உண்டு.

பாக் ஜேகா என்று ஓர் அறிஞர். சீனத்துக்குப் போய்வந்து 1778இல் ஒரு நூல் எழுதினார். நாட்டில் நாள் ஒன்றுக்கு 500 மாடு அறுக்கப்படுகிறது என்றும், தலைநகரில் 24 கறிக்கடைகள் இருக்கின்றன என்றும், முந்நூறுக்கும் மேற்பட்ட ஊர்களில் அரசு அலுவலகங்களே கறிக்கடை நடத்துகின்றன என்றும் கணக்குச் சொன்னார். இத்தனைக்கும் தடைச் சட்டம் அப்போதும் உயிரோடு இருந்தது. மாட்டை விட்டுவிட்டுப் பன்றியும் ஆடும் வளர்த்துச் சாப்பிடலாமே என்பது அவர் வாதம். கேட்டவர்கள் குறைவு.

இங்கேதான் முதல் பள்ளிக்கூடம் வருகிறது.

தலைநகரில் சொங்க்யுன்க்வான் என்று ஒரு கல்விக்கூடம். 1398இல் இன்றைய சியோல் நகரில் அமைந்தது. நாட்டின் மிக உயர்ந்த கன்பூசியக் கல்லூரி, வருங்கால அதிகாரிகளை உருவாக்கும் இடம். அதைச் சுற்றி ஒரு குடியிருப்பு இருந்தது. கல்லூரிக்கே உரிய அடிமைக் குடிகள் அங்கே வாழ்ந்தார்கள். 'பானின்' என்று பெயர். கல்லூரியின் எடுபிடி வேலைகளும், படையலுக்கு மாடு அறுப்பதும் அவர்கள் பொறுப்பு. தலைநகரில் கறிக்கடை நடத்தும் உரிமையும் அவர்களிடமே இருந்தது. மாடு அறுப்பது குற்றம், ஆகவே அவர்கள் ஆண்டுதோறும் அபராதம் கட்டினார்கள். நீதி பார்க்கும் அலுவலகங்கள் அந்த அபராதத்தை வழக்கமான வருமானமாகவே வாங்கிக்கொண்டன. குற்றமும் நிற்கவில்லை, வசூலும் நிற்கவில்லை. அந்தக் கறிக்கடை வருவாய்தான் கல்லூரிச் செலவையும் மாணவர் சாப்பாட்டையும் தாங்கியது. மாடு அறுக்காதே என்று ஆணை எழுதப்போகிற மாணவர்களின் தட்டிலேயே மாட்டுக்கறி விழுந்தது. அறுத்தவரின் பிள்ளைக்கோ அந்தக் கல்லூரியில் மாணவராக இடமில்லை.

வசதியானவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1849இல் ஹொங் சொக்மோ என்பவர் ஆண்டு முழுவதும் வரும் பழக்கவழக்கங்களைத் தொகுத்து எழுதினார். பத்தாம் மாதம் குளிர் தொடங்கியதும் தலைநகரத்தார் கணப்பு அடுப்பில் கரியை மூட்டி, இரும்புச் சட்டியை ஏற்றி, எண்ணெய், சோயா, முட்டை, வெங்காயத்தாள், பூண்டு சேர்த்த மாட்டுக்கறியைச் சுட்டு, சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். 'நல்லோஹ்வே', அதாவது அடுப்புக் கூட்டம் என்று அதற்குப் பெயர். அந்த நூற்றாண்டில் சொங் ஹியோப் வரைந்த ஓவியம் ஒன்றில் மரத்தடியில் சில ஆண்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து கறி சுடுகிறார்கள். இன்று நாடகத்தில் பார்க்கிறோமே, அதே காட்சி. தொப்பிதான் மாறியிருக்கிறது.

கறியைக் கோலில் குத்திச் சுட்டு, பாதியில் குளிர்ந்த நீரில் முக்கி எடுத்து, மறுபடி சுடும் முறையும் பழைய நூல்களில் இருக்கிறது. கெட்டிக் கறியை இளக்க அதுவும் ஒரு வழி. அரண்மனையிலும் மேட்டுக்குடி வீடுகளிலும் கறியை அகலமாகச் சீவி, ஊறவைத்துச் சுட்டதற்கு 'நொபியானி' என்று பெயர். அகலமாகச் சீவியது என்றே பொருள். இன்றைய புல்கோகியின் நேர் மூதாதை அதுதான். 'புல்கோகி' என்ற பெயர் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவியது. 1930களில் பியோங்யாங் நகரின் மோரன்போங் மலைப்பக்கம் அதற்குப் பேர்போன இடம்.

சாப்பிட்டவர்களைப் பார்த்தோம். வெட்டியவர்களைப் பார்ப்போம்.

நாட்டுப்புறங்களில் மாடு அறுப்பதும் தோல் வேலையும் கூடை முடைவதும் ஒரு கூட்டத்தார் தொழில். 1423இல் சேஜோங் மன்னர் அவர்களுக்குப் பழைய இழிபெயரை நீக்கி 'பெக்ஜொங்' என்று பெயர் சூட்டினார். பொதுமக்கள் என்ற பொருளில் வழங்கிய சொல் அது. அவர்களையும் மற்றவரோடு சேர்க்கத்தான் அந்தப் பெயர் மாற்றம். நடந்தது வேறு. கொஞ்ச காலத்தில் அந்த நல்ல பெயரே இழிபெயர் ஆகிவிட்டது. பெயரை மாற்றினால் மனம் மாறிவிடாது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும். ஓட்டு வீடு கூடாது. பட்டு உடுத்தக் கூடாது. மற்ற ஆண்கள் அணியும் கறுப்புத் தொப்பி கூடாது, மூங்கில் சீவலில் முடைந்த தொப்பிதான். ஊர்க் குழந்தைகூடத் தாத்தா வயதுள்ள பெக்ஜொங்கை ஒருமையில் கூப்பிடும், அவரோ பணிந்து பதில் சொல்ல வேண்டும். நம் ஊரில் கறி வெட்டுகிறவரும் தோல் பதனிடுகிறவரும் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும், உங்களில் சிலருடைய வீட்டுக் கதையே அது. நான் விரித்துச் சொல்லவில்லை.

1894இல் நடந்த சீர்திருத்தம் பிறப்பை வைத்து மேல் கீழ் பார்ப்பதைச் சட்டத்தில் ஒழித்தது. 1910இல் ஜப்பான் நாட்டையே எடுத்துக்கொண்டது. புதிய ஆட்சியின் குடும்பப் பதிவேட்டிலோ அவர்கள் பெயரோடு பழைய தொழில் அடையாளம் ஒட்டிக்கொண்டே வந்தது. சிவப்புப் புள்ளி வைத்தார்கள், அல்லது கசாப்புக்காரன் என்று பொருள்படும் எழுத்தை எழுதினார்கள். பள்ளியில் சேர்க்கப் போனால் அந்தப் பதிவேட்டைக் காட்ட வேண்டும்.

இங்கே இரண்டாவது பள்ளிக்கூடம். நாட்டின் தெற்கே ஜின்ஜு என்ற ஊர். அங்கே லீ ஹாக்சான் என்ற பெக்ஜொங் கறி வியாபாரத்தில் வசதியாகிவிட்டவர். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனார். கதவு சாத்தப்பட்டது. பணம் இருந்தும், சட்டம் இருந்தும், பிள்ளைக்குப் பலகையில் இடமில்லை.

நான் சேர்க்கைப் பதிவேடு எழுதிய ஆண்டுகள் எனக்கு நினைவிருக்கின்றன. பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள். 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்துக்கு வந்ததும் சில தகப்பன்மார் குரல் தாழ்ந்துவிடும். "வியாபாரம்னு போட்டுக்கங்க சார்" என்பார்கள். என்ன வியாபாரம் என்று நான் கேட்டதில்லை. ஜின்ஜு நகரத்து அந்தத் தகப்பனைப் பற்றிப் படித்தபோது அந்தக் குரல்கள்தான் என் காதில் விழுந்தன.

லீ ஹாக்சான் சும்மா திரும்பவில்லை. 1923 ஏப்ரலில் ஜின்ஜுவில் ஓர் இயக்கம் பிறந்தது. ஜாங் ஜிபில் போன்ற பெக்ஜொங் குடியினரோடு, கங் சங்ஹோ என்ற மேட்டுக்குடிக்காரரும் முன்னின்றார். 'ஹியோங்ப்யோங்சா' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரின் முதல் எழுத்துக்குத் தராசுக் கோல் என்று பொருள், அடுத்ததற்குச் சமம் என்று பொருள். கறிக்கடைக்காரர் கையில் எப்போதும் இருப்பது தராசு. அந்தக் கருவியையே நீதியின் பெயராக வைத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்து இதைவிடப் பொருத்தமாகப் பெயர் வைத்த இயக்கம் குறைவு. மனிதரையும் சமமாக நிறுக்க வேண்டும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும், இழிபெயரால் கூப்பிடக் கூடாது என்று கேட்டார்கள்.

எதிர்ப்பு சாதாரணமாக இல்லை. கங் சங்ஹோவைப் 'புதுப் பெக்ஜொங்' என்று கேலி செய்தார்கள். அந்த இயக்கத்தாரிடம் கறி வாங்கக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. 1925இல் யேச்சொன் என்ற ஊரில் கூட்டம் கூடி அடித்தார்கள். ஆனாலும் இயக்கம் நாடு முழுக்கக் கிளை விட்டு, 1935 வரை அந்தப் பெயரில் நின்றது. 1957இல் கங் சங்ஹோ இறந்தபோது பல ஊர்களிலிருந்தும் பழைய பெக்ஜொங் குடும்பத்தார் வந்து வழியனுப்பினார்கள். இன்று ஜின்ஜுவில் அந்த இயக்கத்துக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஊரின் புகழ்பெற்ற உணவு என்ன தெரியுமா? ஜின்ஜு பிபிம்பாப். காய்கறி கலந்த சோற்றின்மேல், மெல்லியதாக நறுக்கி எள்ளெண்ணெயில் பிசைந்த பச்சை மாட்டுக்கறி வைப்பார்கள். நல்ல கறி வெட்டத் தெரிந்த கைகள் உள்ள ஊரில்தான் அந்த உணவு வர முடியும்.

அதே காலத்தில் சியோல் நகரத்து ஏழைகளுக்கும் ஒரு மாட்டுக்கறி உணவு கிடைத்தது. சொல்லொங்தாங். தலை, எலும்பு, கொஞ்சம் கறி, குடல் எல்லாவற்றையும் ஒரு பெரிய அண்டாவில் போட்டு நாள் முழுக்கக் கொதிக்கவிட்டால் பால்போல வெளுத்த சூப்பு வரும். அதில் சோறு போட்டு, உப்பும் வெங்காயத்தாளும் தூவிச் சாப்பிடுவது. அரசர் வேளாண் தெய்வத்துக்குப் பூசை செய்து ஏர் பூட்டும் பீடத்தில், ஊரார்க்கு ஊற்றிய சூப்பு என்று ஒரு கதை. மங்கோலியச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்று ஒரு வாதம். 1920களில் அது நகரத்துக் கடை உணவு. தட்டில் கிண்ணங்களை அடுக்கி, மிதிவண்டியில் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வீட்டு வாசலுக்குச் சாப்பாடு வருவது நம் காலத்துப் புதுமை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள்!

1924இல் ஹியோன் ஜிங்கொன் எழுதிய 'அதிர்ஷ்டமான நாள்' என்ற சிறுகதையைக் கொரியப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். கை ரிக்‌ஷா இழுப்பவன் ஒருவன். நோயில் கிடக்கும் மனைவி சொல்லொங்தாங் வேண்டுமென்று கேட்டிருக்கிறாள். அன்று அவனுக்கு வழக்கத்துக்கு மாறாக நல்ல வருமானம். சூப்பு வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறான். அவள் இறந்து கிடக்கிறாள். ஒரு கிண்ணம் மாட்டுச் சூப்பு ஏழைக்கு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதை இந்தக் கதையைவிட யாரும் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

பிறகு விடுதலை, போர், பிரிவினை. 1953இல் போர் நின்றபோது நாடு சாம்பல். கிராமத்து வீட்டில் மிஞ்சிய பெரிய சொத்து ஒரு மாடு. கறியாக அதைப் பார்க்க யாருக்கும் மனம் வராது. அதுதான் அவர்களுக்கு வங்கி. பிள்ளை சியோலில் கல்லூரியில் சேர இடம் கிடைத்ததும் அப்பா மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போவார். அந்தக் காலத்தில் கல்லூரிகளுக்கு மக்கள் வைத்த பட்டப்பெயர் 'உகோல்தாப்', மாட்டெலும்புக் கோபுரம். படிப்பாளிகள் கூடும் இடத்தைத் தந்தக் கோபுரம் என்பார்கள் இல்லையா, அந்தச் சொல்லைத் திருப்பிப் போட்ட கிண்டல். கிண்டலுக்குள் எத்தனை அப்பன்மார் கண்ணீர்!

இது மூன்றாவது பள்ளிக்கூடம். 1923இல் மாட்டை வெட்டியவர் பிள்ளைக்குப் பள்ளி இல்லை. அடுத்த தலைமுறையில் மாட்டை விற்றவர் பிள்ளைக்குக் கல்லூரி. நகையை அடகு வைத்தும் ஆட்டை விற்றும் உங்களைப் படிக்க அனுப்பிய பெற்றோரை எனக்கு நேரில் தெரியும். அதனால் இந்தச் சொல்லை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நம் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு இன்னொரு செய்தி. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய சொங் ஜுயொங் இன்றைய வடகொரியப் பகுதியில் ஓர் ஏழை உழவர் வீட்டில் பிறந்தவர். இளைஞனாக இருந்தபோது அப்பா மாடு விற்று வைத்திருந்த 70 வொன் பணத்தை எடுத்துக்கொண்டு சியோலுக்கு ஓடினார். எதற்கு? கணக்குப்பதிவியல் பள்ளியில் சேர. அப்பா தேடி வந்து கையோடு ஊருக்கு அழைத்துப் போய்விட்டார். பிறகு மறுபடி ஓடி, உழைத்து, பெருஞ்செல்வர் ஆனார். 1998 ஜூன் மாதம், எண்பது கடந்த வயதில், லாரிகளில் 500 மாடுகளை ஏற்றிக்கொண்டு எல்லையைத் தாண்டி வடக்கே போனார். அக்டோபரில் இன்னும் 501. அன்று எடுத்த ஒரு மாட்டின் கடனை ஆயிரமாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்ற பொருளில் பேசினார். அதே 1998இல்தான் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வெளிவந்தது.

1970களில் பவர் டில்லரும் டிராக்டரும் வயலுக்கு வந்தன. மாடு ஏரிலிருந்து விடுபட்டது. 'ஹன்வூ' என்னும் அவர்கள் நாட்டு மாடு, செம்பழுப்பு நிறம், கறிக்காகவே வளர்க்கப்பட்டது. கொழுப்பு இழையோடும் அளவைப் பார்த்துத் தரம் பிரித்து விற்கிறார்கள். விலை அதிகம், பண்டிகைக்குப் பரிசுப் பெட்டியாகக் கொடுக்கும் அளவுக்கு. வெளிநாட்டுக் கறியும் வந்தது. அமெரிக்காவில் மாட்டு நோய் கண்டதும் 2003இல் அங்கிருந்து வாங்குவதை நிறுத்தினார்கள். 2008இல் மறுபடி திறக்க ஒப்பந்தம் ஆனபோது சியோல் தெருக்களில் மெழுகுவத்தி ஏந்தி மக்கள் திரண்டார்கள். முதலில் வந்தவர்களில் பள்ளி மாணவிகள் ஏராளம். பள்ளிச் சாப்பாட்டில் அந்தக் கறி வருமே என்பது அவர்கள் கவலை. மறுபடியும் மாடு, மறுபடியும் பள்ளிக்கூடம்.

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு 'எல்.ஏ. கல்பி' தெரிந்திருக்கும். கல்பி என்றால் விலா எலும்புக் கறி. கொரிய முறையில் எலும்பின் நீளவாக்கில் கறியை விரித்து வெட்டுவார்கள். லாஸ் ஏஞ்சலஸ் போய்க் குடியேறிய கொரியர்கள் அங்கே கறிக்கடையில் கிடைத்தபடி எலும்புக்குக் குறுக்கே வெட்டிய துண்டுகளை வாங்கி அதே மசாலாவில் ஊறவைத்தார்கள். ஒவ்வொரு துண்டிலும் மூன்று சிறு எலும்பு வட்டம். அந்த முறை திரும்பித் தாய்நாட்டுக்கே போய் அங்கேயும் வீட்டு உணவாகிவிட்டது.

வீட்டில் செய்யக்கூடிய இன்னும் இரண்டைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, கல்பிஜிம். விலா எலும்புத் துண்டுகளைக் குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் போட்டு ரத்தம் போக்கி, ஒரு கொதி விட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பிறகு சோயா, சர்க்கரை, பூண்டு, பேரிக்காய்ச் சாறு சேர்த்துச் சிறுதீயில் இரண்டு மணி நேரம். முள்ளங்கி, கேரட் கடைசி அரை மணியில். கறி எலும்பை விட்டுக் கழன்று வர வேண்டும். அவர்களுக்கு இது அறுவடைத் திருநாளுக்கும் புத்தாண்டுக்கும் உரிய சமையல்.

இன்னொன்று, மியோக்குக். ஊறவைத்த கடற்பாசியும் பொடியாக நறுக்கிய மாட்டுக்கறியும் எள்ளெண்ணெயில் வதக்கி, பூண்டும் சோயாவும் சேர்த்து நிறையத் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்த சூப்பு. பிள்ளை பெற்ற தாய்க்கு வாரக்கணக்கில் இதைத்தான் கொடுப்பார்கள். பிறகு ஒவ்வொரு பிறந்தநாள் காலையிலும் அந்தப் பிள்ளை இதைக் குடிக்கும். தன்னைப் பெற்றவள் குடித்ததை நினைத்துக்கொள்ள.

மாட்டுக்கறி வேண்டாதவர்கள் புல்கோகி மசாலாவைக் கோழிக்குப் போடுங்கள். கொரியர்களே அப்படிச் செய்கிறார்கள்.

செய்து பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்குப் போனால் கறிக்கடைக்காரரிடம் கேளுங்கள், எந்தப் பகுதி சீவுவதற்கு, எது வேகவைப்பதற்கு என்று. புத்தகத்தில் இல்லாத பாடம் அவர் கையில் இருக்கிறது. அவருடைய பிள்ளை எந்த வகுப்புப் படிக்கிறது என்றும் விசாரியுங்கள். படிப்புக்கு உதவி ஏதும் தேவையென்றால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நம் பழைய மாணவர்களில் எத்தனையோ பேர் ஆசிரியர்களாக இருக்கிறீர்கள், ஆளுக்கு ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்